நம் வெற்றியைக் காட்டி அவர்களைச் சிறுமைப்படுத்தாதீர்கள்

ஆஸ்திரேலியாவிலுள்ள தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் வார இறுதியில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை நான். உங்கள் விழாக்களுக்கு வருகிறவள், உங்கள் மேடைகளில் என் மாணவர்களை ஏற்றுகிறவள். அந்த மேடைகளில் ஆண்டுதோறும் ஒலிக்கும் ஒரு பேச்சைப் பற்றி உங்களிடம் மனம்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினோம். யாரிடமும் கையேந்தவில்லை. இரவு பகலாக உழைத்தோம். வீடு வாங்கினோம், பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். உழைக்கிறவனை இந்த நாடு கைவிடாது." இந்தப் பேச்சில் பொய் இல்லை. கிடங்கு வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போய்க்கொண்டே, ஊரில் வாங்கிய பட்டத்துக்கு இங்கே அங்கீகாரம் பெறப் போராடியவர்கள் நம்மில் ஏராளம். அந்த உழைப்பின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் இந்தப் பேச்சுக்கு ஓர் இரண்டாம் பாதி இருக்கிறது. மேடையில் அது சாடையாக வரும். சாப்பாட்டு வரிசையில் பச்சையாகவே வரும். "பூர்வகுடிகளுக்கு அரசாங்கம் எவ்வளவு கொடுக்கிறது! இருந்தும் ஏன் முன்னேறவில்லை? குடித்தே அழிகிறார்கள். நம்மைப் போல் படிக்க வேண்டியதுதானே?"

விழாவின் தொடக்கத்தில், இந்த மண்ணின் மூத்த குடிகளை வணங்குகிறோம் என்று மூன்று வரி வாசித்துக் குத்துவிளக்கு ஏற்றுகிறோம். அதே மாலையில், அதே கூடத்தில் இப்படியும் பேசுகிறோம். பிள்ளைகள் இரண்டையும் கேட்கிறார்கள். எது மனப்பூர்வமானது என்பதைச் சரியாகவே கண்டுகொள்கிறார்கள். என் வகுப்பில் ஒரு மாணவன் ஆஸ்திரேலியா பற்றிய கட்டுரையில் அந்த இரண்டாம் பாதியைச் சொல் மாறாமல் எழுதிக் கொடுத்தபோதுதான், இனி இதைப் பொதுவில் பேசாமல் இருக்கக்கூடாது என்று முடிவு செய்தேன்.

"நம்மைப் போல் படிக்க வேண்டியதுதானே" என்ற இடத்திலிருந்தே தொடங்குகிறேன். நம் சமூகம் வேறெதையும்விட அதிகமாக நம்புவது படிப்பைத்தான்.

1814ஆம் ஆண்டின் இறுதியில் நியூ சவுத் வேல்ஸ் என்ற பிரிட்டிஷ் குடியேற்றத்தின் ஆளுநர் லாக்லன் மக்குவாரி பரமட்டாவில் பூர்வகுடிச் சிறுவர் சிறுமியருக்கென ஒரு விடுதிப் பள்ளியை அமைத்தார். பெற்றோரிடமிருந்து பிரித்து ஆங்கிலேயப் பழக்கங்களுக்கு மாற்றுவதே அதன் நோக்கம். அங்கே முதலில் சேர்க்கப்பட்டவர்களில் ஒருத்தி தருக் இனத் தலைவர் யரமுண்டியின் மகள் மரியா. 1819இல் அந்தக் குடியேற்றத்துப் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு தேர்வு நடந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஏறக்குறைய 100 பேரும் பூர்வகுடிப் பிள்ளைகள் சிலரும் எழுதினார்கள். முதல் பரிசு பெற்றவள் பதினான்கு வயதுப் பூர்வகுடிச் சிறுமி. அவள் மரியாதான் என்று வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். பெரியவளான பிறகு அவள் தன் சகோதரனுக்கு வழங்கப்பட்டிருந்த நிலத்தைக் கேட்டு ஆளுநருக்கு மனு எழுதினாள். அந்த நிலம் இருந்த இடம் பிளாக்டவுன். இன்று நம் மக்கள் ஆயிரக்கணக்கில் வீடு வாங்கியிருக்கும் அதே பிளாக்டவுன்.

பரமட்டாவிலும் வெஸ்ட்மீடிலும் டூங்காபியிலும் தேர்வு வைத்து மாணவரைச் சேர்க்கும் செலக்டிவ் பள்ளிகளுக்காகப் பிள்ளைகளைத் தனிவகுப்புகளுக்கு அனுப்பும் பெற்றோரே, இந்த ஊரின் முதல் ரேங்க் யாருடையது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆக, 1819இலேயே அவர்கள் படித்தார்கள், வென்றார்கள். அதன் பிறகு என்ன நடந்தது? வெள்ளைக்காரப் பெற்றோர் ஆட்சேபித்தால் பூர்வகுடிப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியே அனுப்பலாம் என்ற நிலை நியூ சவுத் வேல்ஸில் நெடுங்காலம் இருந்தது. தலைமையாசிரியர்களுக்கு இருந்த அந்த அதிகாரம் ஆசிரியர் கையேட்டிலிருந்து நீக்கப்பட்டது 1972இல். அந்த விதியின்கீழ் வகுப்பறைக்கு வெளியே நின்ற பிள்ளைகள் இன்று நம்மிடையே உயிரோடு நடமாடும் தாத்தா பாட்டிகள். சிட்னிப் பல்கலைக்கழகம் 1850இல் நிறுவப்பட்டது. அங்கே பட்டம் பெற்ற முதல் பூர்வகுடி ஆண் சார்ல்ஸ் பெர்கின்ஸ், ஆண்டு 1966. அதற்கு முந்தைய ஆண்டு அவரும் சக மாணவர்களும் ஒரு பஸ்ஸில் ஊர் ஊராகப் போனார்கள். மோரி நகராட்சி நீச்சல்குளத்தில் பூர்வகுடிச் சிறுவர்களை அனுமதிக்கும்படி போராடினார்கள். குளத்தில் இறங்கவே ஒரு போராட்டம் தேவைப்பட்டது. இந்த நாட்டின் முதல் பூர்வகுடி மருத்துவரான ஹெலன் மில்ராய் பட்டம் பெற்றது 1983இல். அந்த ஆண்டில் நம் வீடுகளில் எத்தனையாவது மருத்துவர் படித்துக்கொண்டிருந்தார் என்று எண்ணிப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்தவர்களுக்கு இது புரியாமல் போகக்கூடாது. எழுபதுகளில் தரப்படுத்தல் என்ற பெயரில், தமிழ் மாணவன் பல்கலைக்கழகம் போகச் சிங்கள மாணவனைவிடக் கூடுதல் மதிப்பெண் எடுக்க வேண்டும் என்றார்கள். தகுதி இருந்தும் கதவு சாத்தப்பட்டால் ஒரு தலைமுறைக்கு என்ன ஆகும் என்பதைப் பட்டறிந்த மக்கள் நாம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் குடும்பத்தின் முதல் பொறியாளரும் முதல் மருத்துவரும் இட ஒதுக்கீட்டில் இடம் பெற்றவர்களாக இருக்கலாம். அங்கே அது உரிமை. இங்கே ஒரு பூர்வகுடி மாணவிக்குப் பல்கலைக்கழகத்தில் தனி இடம் ஒதுக்கினால் மட்டும் அது எப்படிச் சலுகை ஆகிவிடுகிறது?

நாம் எப்படி வந்தோம் என்பதையும் நேர்மையாகப் பேச வேண்டும். 1901இல் இயற்றப்பட்ட குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் நம் நிறத்தவர்களை இந்தக் கரையில் கால்வைக்கவே விடவில்லை. அந்தக் கொள்கையின் கடைசி மிச்சங்கள் 1973இல்தான் துடைக்கப்பட்டன. அதன்பின் நம்மில் பெரும்பாலோர் வந்தது புள்ளிக் கணக்கு விசாவில். 45 வயதுக்குள் இருக்க வேண்டும், பட்டம் வேண்டும், ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும், உடற்பரிசோதனையில் தேற வேண்டும், குற்றப் பதிவு இருக்கக்கூடாது. இத்தனை சல்லடைகளில் சலித்து எடுக்கப்பட்ட இளம் வயதுப் பட்டதாரிகள் நாம். நம் ஊரில் தோற்றவர்களும் நோயாளிகளும் முதியவர்களும் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். ஒரு மக்கள்கூட்டத்தின் ஆகத் தேர்ந்த பகுதியை இன்னொரு மக்கள்கூட்டத்தின் முழுமையோடு, அதுவும் நிலமும் பிள்ளைகளும் பறிக்கப்பட்ட ஒரு கூட்டத்தோடு ஒப்பிடுவது எந்த அளவையில் நியாயம்? அகதிகளாகப் படகில் வந்தவர்களின் கதை வேறு, அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த வலியைச் சுமந்தவர்களிடமிருந்து இந்த இளக்காரப் பேச்சு அதிகம் வருவதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். பூர்வகுடி மக்கள் முயலவில்லை என்பது உண்மையல்ல. அவர்கள் முயன்றார்கள், வென்றார்கள். வென்ற ஒவ்வொரு முறையும் அந்த வெற்றி அவர்கள் கையிலிருந்து பறிக்கப்பட்டது. இந்த நாடு அவர்களின் தோல்வியை மன்னித்தது. அவர்களின் வெற்றியை மன்னிக்கவில்லை.

மெல்போர்னுக்குக் கிழக்கே ஹீல்ஸ்வில் அருகில் கொரண்டர்க் என்றோர் இடம் இருக்கிறது. குலின் என்ற பூர்வகுடி மக்கள் 1863இல் அங்கே குடியேறி, காட்டைத் திருத்தி, பண்ணை அமைத்தார்கள். பீர் தயாரிப்புக்கு வேண்டிய ஹாப்ஸ் பயிரிட்டு மெல்போர்ன் கண்காட்சியில் முதல் பரிசே வாங்கினார்கள். பண்ணை செழிக்கச் செழிக்க அந்த நிலத்தின்மேல் அண்டைப் பண்ணையார்களின் கண் விழுந்தது. மக்களை வேறிடத்துக்கு அனுப்பப் பூர்வகுடிகளை மேலாண்ட அரசின் பாதுகாப்பு வாரியம் திட்டம் போட்டது. அவர்களின் தலைவர் வில்லியம் பராக் மெல்போர்ன் வரை நடந்தே சென்று அமைச்சர்களிடம் முறையிட்டார். 1881இல் விசாரணையே நடந்தது. அவர்கள் வாதாடி வென்ற நிலம் அது. ஆனால் 1886இல் விக்டோரியா புதிய சட்டம் ஒன்றை இயற்றியது. கலப்பு வம்சத்தினர் என்று முத்திரை குத்தி, உழைக்கும் வயதிலிருந்தவர்களைக் குடியிருப்பிலிருந்து வெளியேற்றியது. உழைக்கும் கைகள் போனால் பண்ணை எப்படி நிற்கும்? பிறகு நிலத்தில் பாதியை எடுத்துக்கொண்டார்கள். 1924இல் குடியிருப்பையே மூடினார்கள். "சோம்பேறிகள்" என்று சாப்பாட்டு வரிசையில் சொல்லப்படுகிறவர்களின் வரலாறு இது.

ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிராவை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய ஆஸ்திரேலியாவின் ஹெர்மன்ஸ்பர்கில் பிறந்த அரெண்டா இனத்தவர். அவருடைய நீர்வண்ண ஓவியங்களுக்கு நாடெங்கும் அடிபிடியாக இருந்தது. 1954இல் கான்பெராவில் அரசி இரண்டாம் எலிசபெத்துக்கு அறிமுகப்படுத்தப்பட்டார். அவரிடம் வருமான வரி வாங்கிய அரசாங்கம், ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் அவர் வீடு கட்டிக்கொள்ள அனுமதி தரவில்லை. மேய்ச்சல் நிலம் குத்தகைக்குக் கேட்டார், அதுவும் கிடைக்கவில்லை. 1957இல் அவருக்கு முழுக் குடியுரிமை கொடுத்தார்கள். அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான். அவருடைய சுற்றத்தார் அரசின் காப்புக்கு உட்பட்டவர்களாகவே இருந்தார்கள். இருப்பதை உறவோடு பகிர்ந்துகொள்வது அவர் சமூகத்தின் அறம். உறவினர் ஒருவருக்கு மது கிடைக்கச் செய்தார் என்று 1958இல் வழக்குப் போட்டுத் தண்டித்தார்கள். பாப்புன்யாவில் காவலில் இருந்து திரும்பியவர் 1959இல் 57 வயதில் இறந்துபோனார். அதோடும் விடவில்லை. 1983இல் அவருடைய ஓவியங்களின் பதிப்புரிமையை அரசு அறங்காவலர் அலுவலகம் வெறும் 8,500 டாலருக்கு ஒரு பதிப்பகத்துக்கு விற்றுவிட்டது. 2017இல்தான் அது அவருடைய சந்ததியினரின் அறக்கட்டளைக்குத் திரும்பியது.

அடுத்து வருவது நம்மோடு நேராகத் தொடர்புள்ளது. தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்.

1975இல் இந்த நாட்டில் இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தது. வேலைக்கு மனுப்போடும்போதும், வீடு வாடகைக்குக் கேட்கும்போதும், நிறத்துக்காக நம்மை ஒதுக்கினால் நாம் புகார் செய்வது இந்தச் சட்டத்தின் துணையோடுதான். 2009இல் மெல்போர்னில் இந்திய மாணவர்கள் தாக்கப்பட்டு, அவர்கள் தெருவில் இறங்கிப் போராடியபோது நாமும் இனவெறிக்கு எதிரான சட்டங்களைப் பற்றி உரத்துப் பேசினோம். அந்தச் சட்டம் செல்லும் என்று நிலைநாட்டிக் கொடுத்தவர் யார்? குவீன்ஸ்லாந்தின் கேப் யார்க் பகுதியைச் சேர்ந்த விக் இனத்தவர் ஜான் கூவார்ட்டா.

கூவார்ட்டாவும் அவருடைய மக்களும் தங்கள் மூதாதையர் நிலத்திலிருந்த ஆர்ச்சர் ஆற்று மேய்ச்சல் பண்ணையின் குத்தகையை முறைப்படி விலைக்கு வாங்க முன்வந்தார்கள். இதற்கென அமைக்கப்பட்ட மத்திய அரசின் ஆணையம் பணம் கொடுக்கத் தயார், விற்கிறவரும் தயார். யாரிடமும் இலவசமாக எதுவும் கேட்கவில்லை. குவீன்ஸ்லாந்து மாநில அரசு தடுத்தது. பூர்வகுடி மக்கள் பெரும் பரப்பில் நிலம் வாங்குவதை ஏற்பதில்லை என்பது அதன் கொள்கை. கூவார்ட்டா வழக்குத் தொடர்ந்தார். 1982இல் உயர் நீதிமன்றம் 4க்கு 3 என்ற பெரும்பான்மையில், இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஒரு நீதிபதி மாறி வாக்களித்திருந்தால் நம் கையில் அந்தச் சட்டம் இருந்திருக்காது. வழக்கில் வென்ற கூவார்ட்டாவுக்கு நிலம் கிடைத்ததா? இல்லை. குவீன்ஸ்லாந்து முதல்வர் பியெல்கே பீட்டர்சனின் அரசு அந்த நிலத்தைத் தேசியப் பூங்காவாக அறிவித்து விற்பனையையே முடக்கியது. கூவார்ட்டா 1991இல் காலமானார். அந்த நிலத்தில் ஒரு பகுதியை அவருடைய மக்களுக்குத் திருப்பித் தருவதாக மாநில அரசு அறிவித்தது 2010இல்.

அவர் வழக்காடிக் காத்த சட்டம் 2007இல் வட ஆட்சிப்பகுதியில் நிறுத்திவைக்கப்பட்டது. ராணுவத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பூர்வகுடிச் சமூகங்களில் மத்திய அரசு தலையிட்ட நேரம் அது. யாருக்கு எதிராக நிறுத்திவைத்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. இவ்வளவுக்குப் பிறகும் "அவர்களுக்குத்தான் எல்லாம் கொடுக்கிறார்கள்" என்று சொல்ல நம்மால் எப்படி முடிகிறது? அவர்கள் நமக்குக் கொடுத்ததைப் பற்றி எந்த மேடையில் பேசியிருக்கிறோம்?

இதெல்லாம் பழைய கதை, இப்போது நாடு மாறிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்காக ஆடம் கூட்ஸின் கதையைச் சொல்கிறேன். நம் பிள்ளைகளில் பலர் சிட்னி ஸ்வான்ஸ் சட்டை போட்டு வளர்ந்தவர்கள். அவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும்.

அட்னியமத்தனா, நாருங்கா இனங்களின் வழிவந்த கூட்ஸ், ஏ.எஃப்.எல். என்ற ஆஸ்திரேலியக் கால்பந்துத் தொடரில் 372 போட்டிகள் ஆடியவர். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை இரண்டு முறை பெற்றவர். 2005இலும் 2012இலும் கோப்பை வென்ற ஸ்வான்ஸ் அணியில் இருந்தவர். உழைப்பால் உயர வேண்டும் என்று நம் மேடைகளில் சொல்கிறோமே, அந்த இலக்கணத்துக்கு இவரைவிடப் பொருத்தமானவர் யார்? 2013 மே மாதம் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில், பூர்வகுடிகளைக் கௌரவிக்கும் சிறப்புச் சுற்றின் போட்டியில், பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு குரல் அவரைக் குரங்கு என்று அழைத்தது. அழைத்தவள் பதின்மூன்று வயதுச் சிறுமி. மறுநாள் அவர் செய்தியாளர்களிடம் பேசினார். அவள் சிறுமி, அவளைக் குறை சொல்லாதீர்கள், அவளுக்குத் துணையாக இருங்கள், அவள் வளர்ந்த சூழலைப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். காயப்பட்டவர் வாயிலிருந்து வந்த சொற்கள் இவை. சில நாட்களில் எதிரணிக் கழகத்தின் தலைவரே வானொலியில் கிங் காங் இசைநாடகத்தோடு அவர் பெயரைச் சேர்த்துப் பேசினார். பிறகு மன்னிப்புக் கேட்டார்.

2014இல் ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர் விருது கூட்ஸுக்குக் கிடைத்தது. அவர் அந்த மேடையை இனவெறியைப் பற்றிப் பேசப் பயன்படுத்தினார். அங்கேதான் மாற்றம் தொடங்கியது. கோல் அடிக்கும்வரை கைதட்டிய கூட்டத்துக்கு, வாய் திறந்ததும் அவர் ஆகாதவர் ஆனார். 2015 மே மாதம் கார்ல்டன் அணிக்கு எதிராக ஒரு கோல் அடித்துவிட்டு, பூர்வகுடி இளைஞர் அணியிடம் கற்ற போர் நடனத்தின் சில அடிகளைக் கூட்டத்தை நோக்கி ஆடினார். அதுவும் பூர்வகுடிச் சுற்றில்தான். அவர்களின் பண்பாட்டைக் கொண்டாடுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட வாரத்தில் அவர்களின் நடனத்தை ஆடியது குற்றமாயிற்று. அதற்கு முன்பே கேட்கத் தொடங்கியிருந்த ஊளைச் சத்தம் அதன்பின் மைதானத்துக்கு மைதானம் அவரைத் துரத்தியது. பந்து அவர் கைக்கு வரும்போதெல்லாம் ஆயிரக்கணக்கானோர் ஊளையிட்டார்கள். இது இனவெறி அல்ல, அவருடைய ஆட்டமுறை பிடிக்கவில்லை என்று பத்திரிகைகளில் எழுதியவர்கள் உண்டு. ஜூலை இறுதியில் பெர்த்தில் நடந்த ஆட்டத்துக்குப் பிறகு, தாங்க முடியாமல் ஒரு வாரம் விலகியிருந்தார். செப்டம்பரில் ஓய்வு பெற்றார். இறுதிப் போட்டி நாளில் ஓய்வு பெறும் வீரர்கள் மைதானத்தை வலம்வரும் வழக்கம் உண்டு. அதற்கும் அவர் வரவில்லை. 2019இல் ஏ.எஃப்.எல். அமைப்பும் 18 கழகங்களும் மன்னிப்புக் கேட்டன. 2021இல் அவருக்கு வழங்க முன்வந்த உயரிய கௌரவத்தை அவர் மறுத்துவிட்டார்.

இந்த நிகழ்ச்சியைப் பற்றி அப்போது நம் வீடுகளில் என்ன பேசிக்கொண்டோம் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "இவ்வளவு பணமும் பேரும் கொடுத்த நாட்டைப் போய் இப்படிப் பேசலாமா?" "விளையாட்டில் ஏன் அரசியல்?" "சின்னப் பெண் ஏதோ சொல்லிவிட்டாள், இதைப் பெரிதுபடுத்துவானேன்?" இதே சொற்கள் ஒரு நாள் நம் பிள்ளைகளை நோக்கியும் வரும். மருத்துவராகவும் பொறியாளராகவும் வாய்மூடி இருக்கும்வரை நாம் நல்ல குடியேறிகள். அமைப்பு ரீதியான அநியாயம் ஒன்றைச் சுட்டிக்காட்டினால், நன்றிகெட்டவர்கள் ஆகிவிடுவோம். நாம் வெற்றி என்று கொண்டாடுவது இந்த நிபந்தனையோடு வந்ததுதான் என்பதைக் கூட்ஸின் கதை எனக்குக் கற்றுத் தந்தது. ஓட்டப்பந்தய வீராங்கனை கேத்தி ஃப்ரீமன் 1994 காமன்வெல்த் போட்டியில் வென்று பூர்வகுடிக் கொடியை ஏந்தி ஓடியதற்காக அணித்தலைமையால் கண்டிக்கப்பட்டதும் இதே நிபந்தனையின் பெயரால்தான்.

2023 அக்டோபர் 14ஆம் தேதி நடந்த பொதுவாக்கெடுப்பைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். பூர்வகுடி மக்கள் தங்களைப் பாதிக்கும் சட்டங்களில் நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல ஓர் அமைப்பு வேண்டும் என்பதே கேட்கப்பட்டது. ஏறத்தாழ 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஆறு மாநிலங்களும் நிராகரித்தன. யார் எப்படி வாக்களித்தார்கள் என்பது அவரவர் உரிமை. பூர்வகுடி மக்களிலேயே அதை எதிர்த்தவர்கள் இருந்தார்கள். ஆனால் "எல்லோரும் சமம், ஓர் இனத்துக்கு மட்டும் ஏன் தனி அமைப்பு" என்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் பரவிய வாதத்தை நான் ஏற்க மாட்டேன். மக்கள்தொகையில் 4 சதவீதத்துக்கும் குறைவானவர்கள், சிறைக் கைதிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களின் சராசரி ஆயுள் மற்றவர்களுடையதைவிட எட்டு ஆண்டுக்கு மேல் குறைவு. காவலில் நேர்ந்த சாவுகளைப் பற்றி விசாரித்த ஆணையம் 1991இல் 339 பரிந்துரைகள் கொடுத்தது. அதன்பின் பூர்வகுடி மக்களில் 500க்கும் அதிகமானோர் காவலில் இறந்திருக்கிறார்கள். சமம் என்ற சொல்லை இவற்றைப் பார்த்துக்கொண்டே உச்சரிக்க முடியுமா?

நம் மருத்துவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். வெளிநாட்டில் படித்து வந்த உங்களில் பலர், அரசு விதித்த நிபந்தனைப்படி தொலைதூர ஊர்களில் பல ஆண்டுகள் பணிசெய்தவர்கள். பூர்வகுடி நோயாளிகளை அருகில் இருந்து பார்த்தவர்கள். அதனாலேயே உங்கள் சொல்லுக்கு நம் சமூகத்தில் எடை அதிகம். அங்கே குடியைப் பார்த்தேன், சண்டையைப் பார்த்தேன் என்று விருந்துகளில் சொல்கிறவர்கள், மேற்குப் பாலைவனத்து மக்கள் செய்ததையும் சொல்லுங்கள். சிறுநீரக நோய் வந்தால் டயாலிசிஸுக்காகச் சொந்த மண்ணை விட்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போய், அங்கேயே அநாதைகளாகச் சாக வேண்டியிருந்தது. அந்தப் பாலைவனத்தின் பின்டுபி இன ஓவியர்கள் தங்கள் ஓவியங்களை 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஏலம் விட்டுப் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். அந்தப் பணத்தில் தங்கள் ஊரான கின்டோரிலேயே டயாலிசிஸ் வசதியை உண்டாக்கினார்கள். பர்ப்பிள் ஹவுஸ் என்று அறியப்படும் அந்த அமைப்பு இன்று பல தொலைதூர ஊர்களில் சிகிச்சை தருகிறது. யாரிடமும் கையேந்தாமல் உழைத்து முன்னேறுவதை மெச்சுகிறவர்கள் இதை முதலில் மெச்ச வேண்டும்.

சங்க நிர்வாகிகளே, பள்ளிப் பொறுப்பாளர்களே, உங்களிடம் நான் எதிர்பார்ப்பதைச் சொல்கிறேன்.

மண்ணின் மூத்தோரை வணங்கும் வாசகத்தை வாசிப்பது போதாது. உங்கள் கூடம் எந்த மக்களின் நிலத்தில் இருக்கிறதோ, அந்த மக்களின் மூத்தவர் ஒருவரைப் பொங்கல் விழாவுக்கு அழையுங்கள். சிறப்பு விருந்தினருக்குத் தரும் அதே இருக்கையையும் நேரத்தையும் கொடுங்கள். நடனம் ஆடச் சொல்லிப் புகைப்படம் எடுத்து அனுப்பிவிடாதீர்கள். பேசச் சொல்லிக் கேளுங்கள். அதற்குரிய சன்மானத்தையும் கொடுங்கள். வெற்றியாளர் விருது வழங்கும்போது பேச்சாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: நம் உழைப்பைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், இன்னொரு மக்களைத் தாழ்த்தி அல்ல. சாப்பாட்டு வரிசையில் அந்தப் பேச்சு வந்தால், மூத்த நிர்வாகி ஒருவர் "அப்படிச் சொல்லாதீர்கள் தம்பி" என்றாலே பாதி அடங்கிவிடும். இதுவரை அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை. அதுதான் என் வருத்தம்.

தமிழ்ப் பள்ளிகளின் பாடத்திட்டத்தில் தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸைப் பற்றி ஒரு பாடம் சேருங்கள். இந்திய வம்சாவளியில் மொரீஷியஸில் பிறந்த ஆசிரியர் அவர். 1880களில் மர்ரே ஆற்றங்கரைக்கு வந்து, மலோகாவிலும் பிறகு கம்மராகஞ்சாவிலும் யோர்ட்டா யோர்ட்டா மக்களின் பிள்ளைகளுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு நெருக்கமாகக் கற்பித்தார். பின்னாளில் பூர்வகுடி உரிமைப் போராட்டத் தலைவரான வில்லியம் கூப்பரின் சகோதரி ஏடாவை மணந்து அந்த மக்களோடு ஒருவரானார். மனு எழுதவும் மேடையில் வாதிடவும் அவர் பழக்கிய தலைமுறை, இந்த நாட்டின் பூர்வகுடி உரிமைப் போராட்டத்தையே நடத்தியது. 1938 ஜனவரி 26ஐத் துக்க நாளாக அனுசரித்தவர்களில் அவரிடம் படித்தவர்கள் இருந்தார்கள். வில்லியம் கூப்பர் அதே ஆண்டு டிசம்பரில், யூதர்கள்மேல் நாஜிகள் நடத்திய வன்முறையைக் கண்டித்து மெல்போர்னின் ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கு மனுவோடு ஊர்வலம் போனார். தங்களுக்கே உரிமை இல்லாத நிலையில் இன்னொரு மக்களுக்காகத் தெருவில் இறங்கினார்கள். அந்தப் பள்ளியில் உருவான டக் நிக்கல்ஸை 1927இல் கார்ல்டன் கால்பந்துக் கழகம் நிறத்துக்காக விரட்டியது. அவர் 1976இல் தென் ஆஸ்திரேலியாவின் ஆளுநர் ஆனார்.

நம்மைப் போன்ற தோற்றமுடைய ஓர் ஆசிரியர், நமக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இங்கே வந்து, யார் பக்கம் நிற்பது என்று முடிவெடுத்திருக்கிறார். அவருடைய பெயரை நம் பிள்ளைகள் ஒருவரும் அறியாமல் வளர்வதை ஓர் ஆசிரியையாக என்னால் ஏற்க முடியவில்லை.

அவரைப் பற்றியும் பரமட்டா மரியாவைப் பற்றியும் ஆறாம் வகுப்பு நிலைக்கு ஏற்ற எளிய தமிழில் இரண்டு பாடங்கள் எழுதி வைத்திருக்கிறேன். கேட்கும் பள்ளிகளுக்கு அனுப்பித் தருகிறேன். திருத்தினாலும் சேர்த்தாலும் மகிழ்ச்சியே. பொங்கல் விழா நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போகும்முன் இந்த மடலை உங்கள் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வாசித்து, என்ன முடிவெடுத்தீர்கள் என்பதைப் பெற்றோர்கள் அறிய எழுத்தில் தெரிவியுங்கள்.

அன்புடன்,
தருக் மக்களின் நிலத்திலிருந்து,
ஒரு தமிழ்ப் பள்ளி ஆசிரியை